கூண்டுக்குள் இணையம், வெளியே குரங்குகள்

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பேருந்தின் முன்கண்ணாடியில் திருவண்ணாமலை வந்து நின்றது. அம்மா இருக்கையை விட்டு எழுந்து, கம்பியைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

“உக்காரும்மா. மலை எங்கயும் போவாது, நீதான் உழுந்துடுவ” என்றார் நடத்துனர்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் கைபேசியில் மின்னஞ்சல் வந்தது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் மறுநாள் காலை பத்தரை மணிக்கு எனக்கு இணையவழி நேர்காணல் வைத்திருந்தது. மடிக்கணினியில்தான் சேர வேண்டும். கேமரா முழு நேரமும் இயங்க வேண்டும். ஒருமுறை இணைப்பு அறுந்தால் திரும்பச் சேரலாம். இரண்டாம் முறை அறுந்தால் நேர்காணல் அதோடு முடிந்தது.

நாங்கள் வந்தது அம்மாவின் வேண்டுதலுக்காக. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எம்.சி.ஏ. முடித்திருக்கிறேன். யார் கேட்டாலும் இதைச் சத்தமாகவே சொல்வேன். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். நான் தேறிவிட்டால் ஒரு பௌர்ணமியில் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிறவள் மடிக்கணினியை ஏன் தூக்கிக்கொண்டு போனாள் என்று கேட்கலாம். தேறியதிலிருந்து அந்த ஒரு மின்னஞ்சலுக்காகத்தான் காத்திருந்தேன். கணினியை வீட்டில் வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள், மாலை நான்கு மணி

பேருந்து நிலையத்திலிருந்து செங்கம் சாலைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், நூற்றிருபதுக்கு வந்தார்கள். ஆசிரமத்தைத் தாண்டி இடப்பக்கச் சந்துக்குள் எங்கள் விடுதி. விடுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், மாடியில் நான்கு அறைகள். சாதாரண நாளில் தொள்ளாயிரம், பௌர்ணமிக்கு ஆயிரத்து ஐந்நூறு. வீட்டுக்காரி ஜரீனா அக்கா வாசலுக்கே வந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார்.

“வைஃபை இருக்குதுங்களாக்கா?” என்றேன். முகம் கழுவும் முன்பே கேட்டுவிட்டேன்.

“இருக்குது கண்ணு. ஆனா கொஞ்சம் கம்மியாத்தான் வருது.”

கம்மி என்றது மரியாதைக்கு. அறைக்குள் போய்க் கணினியைத் திறந்தால் ஒரே ஒரு கோடு. இணையும், ஒரு பக்கத்தைப் பாதி காட்டும், அறுந்துவிடும். எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். வைஃபையை அணைத்துப் போட்டேன். பழைய இணைப்பை மறக்கச் சொல்லிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினியே வைஃபையை மந்தமாக்கும் ஓர் அமைப்பு உண்டு, அதையும் நிறுத்தினேன். கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினேன். பிறகு அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஜன்னல், கட்டில், குளியலறைக் கதவு என்று ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தேன். கதவருகே மட்டும் ஒரு கோடு இரண்டு ஆனது.

“அதுக்கு ஒடம்பு சரியில்லியா?” என்றாள் அம்மா.

“அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வர்ற எடத்துலதான் ஏதோ.”

இதை ஊகமாகச் சொல்லவில்லை. என் கைபேசியையும் அதே வைஃபையில் இணைத்தேன், அதுவும் அதே இடங்களில் அதே மாதிரி தடுமாறியது. இரண்டு கருவிக்கும் ஒரே நோய் என்றால் குறை கருவியில் இல்லை. கைபேசியின் சொந்த டேட்டாவைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்றால், மறுநாள் பௌர்ணமி. ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம். நான்கு கோடு காட்டும், ஒரு படம்கூட நகராது.

இருட்டும் முன்பு

கீழே போய் ஜரீனா அக்காவிடம் நேர்காணலைச் சொன்னேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் இதான் சொல்றாங்க கண்ணு. ஒரு மாசமா இப்படித்தான். கம்பெனிக்காரங்க ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டாங்க. அவங்க இருக்கும்போது ஜோரா ஓடுது. அவங்க வண்டிய எடுத்துக்கினு போனதும் படுத்துக்குது.”

“வந்தா என்ன பண்ணுவாங்க?”

“என்னாத்த பண்ணுவாங்க? கூண்டத் தொறந்து பாப்பாங்க, நல்லாத்தான் இருக்குதும்பாங்க, மூடிட்டுப் போவாங்க.”

“எந்தக் கூண்டுக்கா?”

மாடிப்படி முடிகிற இடத்தில் கூரைபோட்ட ஒரு சிறு தளம். அங்கேதான் இணையக் கம்பி வந்து இறங்குகிறது. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருந்தது. மூன்று பக்கமும் கனமான தகடு. முன்பக்கக் கதவில் விரல் நுழையாத பொடிக்கண் இரும்புவலை. அதற்கு ஒரு பூட்டு. உள்ளே ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது.

செய்தவர் ஜரீனா அக்காவின் வீட்டுக்காரர் பாஷா பாய். தேரடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் கூண்டைப் பார்ப்பதைக் கண்டதும் சாவிக்கொத்தோடு படியேறி வந்தார்.

“முந்தி இருந்த மெஷின ஒரு கொரங்கு பிச்சிக்கினு போயிடுச்சும்மா. தண்ணி டேங்க் மேல உக்காந்துக்கினு தேங்கா மாதிரி கடிச்சிப் பாக்குது. ருசி புடிக்கல போல, மேலருந்து எறிஞ்சிடுச்சு. அப்புறம்தான் இதச் செஞ்சேன். இனிமே ஆனையே வந்தாலும் உள்ள பூர முடியாது.”

“சிக்னலாலயும் வெளிய வர முடியலிங்க பாய்” என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை, காட்டினால் போதும். கணினியை என் அறை வாசலில் ஒரு நாற்காலியில் வைத்தேன். அவர் கூண்டைத் திறந்தார். கோடுகள் மளமளவென்று ஏறின. மூடினார், ஒன்றுக்கு இறங்கிவிட்டது. இன்னொரு தடவை. மறுபடியும் அதேதான். பிறகு நான் சொல்லாமலே அவராகவே திறந்தும் மூடியும் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டியும் பொடி வலையும் வைஃபை அலையைப் பெரும்பாலும் உள்ளேயே அடைத்துவிடும் என்று விளக்கினேன். சோதிக்க வந்தவர்கள் கதவைத் திறந்துதான் சோதித்தார்கள். அதனால் அவர்கள் கண்ணுக்கு நோயே தெரியவில்லை.

“ஒரு மாசமா கம்பெனிக்காரன நான் திட்டாத திட்டு இல்ல” என்றார் ஜரீனா அக்கா. “குத்தவாளி எங்கூடவே உக்காந்து சோறு துண்ணுது.”

பாய் முகம் வாடிவிட்டது. கூண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். அம்மா கிட்டே போய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கூண்டு மட்டும் எங்க ஊட்டுல இருந்திருந்தா ஒரு கோழியக்கூட கீரி தூக்கியிருக்காது பாய்” என்றாள்.

பாய் சிரித்துவிட்டார். அம்மா அதைச் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, போன வருடம் எங்கள் கோழிகள் நிஜமாகவே போயின.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. கம்பி நீளம் போதாது, ரவுட்டரை அறைக்குள் கொண்டுவர முடியாது. கணினியை நேராக இணைக்க ஒரு கேபிள் வாங்கலாம் என்றால், கடைத்தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். ஆட்டோ உள்ளே போகாது, திறந்த கடையைத் தேடி நடக்க வேண்டும். கூண்டைத் திறந்து வைக்கலாம். ஆனால் காலையில் இட்லி வேகும் வாசனைக்கு மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிடும், பத்து மணிக்கு மேல்தான் கொண்டாட்டமே என்றார் ஜரீனா அக்கா.

“அதுக்கென்ன?” என்றாள் அம்மா. “நீ உள்ள போயி பேசு. கொரங்க நான் பாத்துக்கறேன்.”

எனக்கு எங்கள் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. கொரோனா சமயத்தில் கல்லூரி வகுப்புகள் கைபேசியில் நடந்தபோது எங்கள் ஊரில் கரைமேல்தான் சிக்னல் கிடைக்கும். நாய்த்தொல்லை இருந்ததால் அம்மா கழியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆசிரியர் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால், பதில் சரியா தப்பா என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

பௌர்ணமி, காலை பத்து மணி

நீலப் புடவையை அம்மா இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜரீனா அக்கா ஒரு மூங்கில் கழியை அவளிடம் கொடுத்துவிட்டு, தனக்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். பாய் பட்டறைக்குப் போகாமல் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூண்டின் கதவு விரியத் திறந்திருந்தது. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சேர்ந்தேன். திரையில் ஓர் அம்மையாரும் ஓர் இளைஞரும். நான்கு கோடும் முழுதாக நின்றன.

முதல் கேள்விகள் பாடத்திலிருந்து. அதில் எனக்குப் பயமில்லை. மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில் சொல்லும்போது வெளியே தளத்தில் தடதடவென்று சத்தம், “ஏய்! ஏய்!” என்று ஜரீனா அக்காவின் குரல், பிறகு இரும்பு மோதும் சத்தம். திரையில் அந்த அம்மையார் வாய் திறந்தபடியே உறைந்துவிட்டார். கோடு ஒன்று. அதுவும் போனது.

கதவைத் திறந்து ஓடினேன். குட்டியோடு ஒரு பெரிய குரங்கு கைப்பிடிச் சுவரில் இருந்தது. அதைக் கண்டதும் பாய் பழக்கதோஷத்தில் கூண்டைச் சாத்திப் பூட்டையும் மாட்டிவிட்டார்.

“தொறங்க பாய்!”

“கொரங்கும்மா! மெஷின் போயிடும்!”

“தொறந்துடு பாய்” என்றாள் அம்மா. கூண்டுக்கும் குரங்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். “கடிச்சா என்னக் கடிக்கட்டும். எம்பொண்ணு பேசணும்.”

பாய் திறந்தார். நான் உள்ளே ஓடித் திரும்பச் சேர்ந்தேன். திரும்பச் சேர எனக்கு இருந்த ஒரே வாய்ப்பு அதோடு தீர்ந்தது.

“வெளியே என்ன சத்தம்?” என்று அந்த அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்.

மின்தடை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. குரங்கு வந்தது, ரவுட்டர் இரும்புக் கூண்டில் இருக்கிறது, கூண்டை மூடினால் வைஃபை வராது, அதனால் என் அம்மா கழியோடு வெளியே காவலுக்கு நிற்கிறாள் என்று சொன்னேன். இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கூண்டுதான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார். கணினி, கைபேசி, வருகிற இடம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி வந்த வழியைச் சொன்னேன். அதற்கு மேல் குறுக்குக் கேள்விகள் கேட்டார். அன்று நான் பேசியதிலேயே தடுமாறாமல் பேசியது அந்தப் பகுதிதான்.

முடிந்து வெளியே வந்தேன். மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குரங்கு எதிர்வீட்டுக் கூரையில் முட்டைக்கோஸ் இலையைக் கிழித்துக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கழியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“சோறு போடட்டா?” என்றார் ஜரீனா அக்கா.

அன்று மாலை

வெயில் தாழ்ந்ததும் மலையைச் சுற்றக் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர். தார்ச்சாலையில் பகல் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அம்மாவின் கையில் அந்த மூங்கில் கழி. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று உதடு மட்டும் அசையக் கும்பிட்டாள். அடி அண்ணாமலையில் சுக்கு காபி குடித்தோம், ஒரு குவளை பதினைந்து ரூபாய். அங்கிருந்து பார்த்தால் மலை வேறு உருவத்தில் இருக்கிறது. செங்கம் சாலையில் முக்கோணமாக நின்ற மலை, இங்கே படுத்துக் கிடக்கிறது.

“வேண்டுதல் முடிஞ்சிதும்மா, இனி ஒண்ணும் பாக்கி இல்ல” என்றேன்.

“பாஸானதுக்குத்தான் இது. வேலைக்கு நான் இன்னும் ஒண்ணும் வேண்டிக்கல” என்றாள். “ரெண்டையும் ஒரே சுத்துல முடிச்சா சாமி என்ன நெனைக்கும்?”

கால் வலிக்கிறதா என்று கேட்டேன். நடவு வயலில் நிற்பதைவிட இது மேல், இங்கே குனிய வேண்டியதில்லை என்றாள்.

கிளம்பிய காலை

பாஷா பாய் பட்டறைக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையிலிருந்து ஒரு பழைய தக்காளிக் கிரேட் கொண்டுவந்திருந்தார். கெட்டி பிளாஸ்டிக். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைபோட்டு, கூண்டைக் கழற்றிவிட்டு ரவுட்டர்மேல் கவிழ்த்துச் சுவரோடு திருகாணியால் முடுக்கிவிட்டார். நான் கணினியைத் திறந்து காட்டினேன், கோடுகள் குறையவில்லை. அவர் கிரேட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தன் எடையைப் போட்டுப் பார்த்தார்.

“அந்தக் கூண்ட என்னா பண்ணப் போறீங்க?” என்றாள் அம்மா. அவளுக்கு அதே கவலை.

“வடாம் காயப்போடப் போறேன்” என்றார் ஜரீனா அக்கா. “ரெண்டு வருசமா இந்தக் கொரங்குங்களுக்குத்தான் வடாம் புழிஞ்சிக்கினு இருக்கேன்.”

அறைக் கணக்கை முடித்தபோது, கம்பெனிக்காரர்களுக்கே தெரியாத கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று ஜரீனா அக்கா ஒருநாள் வாடகையைத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. வேலை தெரிந்தவள் என்று என்னை ஒருவர் நடத்தியது அதுதான் முதல் தடவை. அதை ரூபாயாக மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அம்மா கழியை நீட்டினாள்.

“நீங்களே வச்சிக்குங்கக்கா” என்றார் அவர். “உங்க கைக்குத்தான் கொரங்கு பயப்படுது.”

திண்டிவனம் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டும்வரை கைபேசி ஊமையாகவே இருந்தது. கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது மொத்தமாக உயிர் வந்து, ஒவ்வொன்றாகச் செய்திகள் விழுந்தன. அதில் ஒன்று அந்த நிறுவனத்திலிருந்து வந்தது. முதல் கட்டத்தில் தேர்ந்துவிட்டேன். கடைசி நேர்காணல் வியாழக்கிழமை. நிலையான இணைப்பு உள்ள இடத்தில் இருந்து சேரவும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்னும் இணையக் கம்பி வரவில்லை, திரும்பவும் ஏரிக்கரைதான் என்பதையும் சொன்னேன். திருவண்ணாமலை பின்கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டிருந்தது. அம்மா இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கழியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

“நம்ம ஊர்ல கொரங்கு இல்ல” என்றாள். “நாயிதான்.”