மைக்கை அணைத்துவிட்டுச் சேர்ந்து பாடியது

பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்துகொண்டே இசைக் கல்வியில் எம்.ஏ. படித்தேன். வலியசாலையில் நான் தனியாக இருந்த வாடகை வீட்டில், சனிக்கிழமைதோறும் லேப்டாப்பில் வகுப்பு.

"எல்லாரும் சேர்ந்து பாடணும் கேட்டோ, மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிக்கோங்க" என்பார் மலையாளம் கலந்து பேசும் பேராசிரியை. மைக் போட்டால் குரல்கள் முன்பின்னாக வந்து தாளம் கெட்டுவிடும். திரையில் எல்லா வாயும் அசையும். எனக்குக் கேட்பது என் குரல் மட்டும். இதற்குப் பெயர் சேர்ந்திசையாம்! அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வேறு எனக்கு.

ஒரு திங்களன்று பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் கத்திப் பாடினார்கள். வழக்கமாக அதட்டி நிறுத்துவேன். அன்று பெஞ்சுகளுக்கு நடுவே போய் நின்று நானும் பாடினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்த மனம் வரவில்லை.