இறுக்கிக் கட்டத் தெரியாதவர்

மிளகாய்த்தூள் பையின் வாயைச் சணலால் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சைப் பாதியிலேயே விட்டுவிட்டு, "கொண்டு போங்கக்கா" என்று நீட்டுகிறார் பதருன்னிசா. வாங்கியவர் தெருமுனை தாண்டுமுன் பை வாயைப் பிளக்கும். பின்னால் வருகிறவர்கள் தும்முவார்கள். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் தும்மல் கேட்டால், மாவு மில்லில் பை கட்டிக் கொடுக்க அன்று அந்தம்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இறுக்கிக் கட்ட அவருக்கு வராது. கை வராது என்பதைவிட மனசு வராது என்பதுதான் சரி. கொண்டை எப்போதும் பாதி அவிழ்ந்திருக்கும். ஊறுகாய் ஜாடியின் வாய்த்துணி காற்றில் பறக்கும். வீட்டு ஆடு பாதி நாள் ஊருக்கு வெளியே யாராவது ஒருவருடைய பருத்திச் செடியை மேய்ந்துகொண்டிருக்கும். அப்படிச் செடியைப் பறிகொடுத்துப் புகார் சொல்ல வரும் சுடலையம்மாள், "ஏட்டி, இன்னும் ஒரு முடிச்சுப் போட்டா ஒங் கையி தேஞ்சா போவும்?" என்பார்.

"கழுத்து இறுகுமுல்லாக்கா. வலிச்சா அதுக்குச் சொல்லத் தெரியுமா?"

கணவர் ஜஹாங்கீர்தான் மில்லை ஓட்டுகிறார். நயா பைசா வந்த வருஷம், ஓடிக்கொண்டிருந்த பெல்ட் நழுவ, மோட்டாரை நிறுத்தாமலேயே கையால் தள்ளி ஏற்றப் பார்த்தார். மில்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அன்றைக்குப் பெல்ட் அவருடைய வலது புறங்கைத் தோலை அப்படியே உரித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலேற்றி மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சில வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். போர்வையை விலக்கிக் காட்டினார். கையை வயிற்றோடு வைத்துத் தைத்திருந்தார்கள். வயிற்றுத் தோலில் ஒரு துண்டை மூன்று பக்கம் அறுத்துத் தூக்கி, நாலாவது பக்கத்தை வயிற்றிலேயே விட்டு, புறங்கைமேல் போர்த்தித் தைத்த தையல். கைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சதைப் பாலம்.

"சட்டப்பையில கைய விட்ட மாதிரி இருக்கேன் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார் ஜஹாங்கீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தோலுக்கு வயிற்றிலிருந்துதான் ரத்தம் வருகிறதாம். கைப்பக்கமிருந்து புது ரத்தக்குழாய்கள் அதற்குள் முளைத்த பிறகே பாலத்தை வெட்டலாம். அதற்கு முன்னால் வெட்டினால் தோல் செத்து, கையும் அழுகிப் போகும். அதற்காக ரப்பர் உறை போட்ட இடுக்கி ஒன்றைப் பாலத்தில் மாட்டி, திருகாணியை முடுக்கி, தினமும் கொஞ்ச நேரம் வயிற்று ரத்தத்தை அடைத்து வைத்தார்கள்.

"இந்தப் பக்கம் அடைச்சா, ரத்தம் கைப்பக்கத்துச் சின்னக் குழாய்ங்க வழியா முட்டும். முட்ட முட்ட அது பெருக்கும், புதுசும் கிளைக்கும். சும்மா விட்டா சோம்பிக் கிடக்கும்" என்றார் டாக்டர். தோல் முதலில் நீலம் பாரிக்குமாம். குழாய்கள் வளர வளர, அடைத்தாலும் சிவப்பாகவே நிற்குமாம். ஜஹாங்கீருக்குச் சிவப்பாக நின்றது. நான் போன அன்றைக்கே பாலத்தை வெட்டுவதாக இருந்தார்கள்.

கத்தி எடுக்குமுன் டாக்டர் தன் கையாலேயே ஒருமுறை திருகாணியை முடுக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் நீலமாகி, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. காத்திருந்தோம். சிவக்கவில்லை. டாக்டர் திருகாணியை அவசரமாகத் தளர்த்தினார்.

"இத்தனை நாளும் எப்படிச் சிவப்பா இருந்துச்சு?"

கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்த பதருன்னிசா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். "நர்ஸம்மா முடுக்கிட்டு அங்கிட்டுப் போவாவ. இவிய பல்லக் கடிப்பாவ. தோலு நீலம் பாஞ்சு வரும். என்னால பாக்க முடியல. நாந்தான் தளத்தி விட்டேன். தெனமும்."

இன்னும் சற்று நேரத்தில் கத்தி இறங்கியிருக்கும். பாசம் இப்படியும் ஒரு கையைப் பறிக்கப் பார்க்குமா என்று திகைத்து நின்றேன். ஜஹாங்கீர் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் இடுக்கியை அந்தம்மாவிடம் நீட்டினார். "மறுபடி முதல்லேருந்து. நர்ஸ் பக்கத்துல நிப்பாங்க. ஆனா இனிமே நீங்கதான் முடுக்கணும்."

"எம்புட்டு முடுக்கணும்?"

"வயித்து ரத்தம் நிக்கிற மட்டும்."

அதற்குப் பிறகு நடந்தது ஜஹாங்கீர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அவ அழுதுக்கிட்டே முடுக்குதா அண்ணாச்சி. எனக்கு வலி பெருசாத் தெரியல, அவ மூஞ்சியத்தான் பாக்க முடியல." ஒரு நாள், நீலம் ஓரத்தில் கரைந்து, கைப்பக்கமிருந்து சிவப்பு மெல்ல ஏறி வந்திருக்கிறது. பழைய புத்தியில் தளர்த்தித் தொலைத்துவிட்டோமோ என்று பயந்துபோய், பதருன்னிசா திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கியிருக்கிறார். அப்போதும் சிவப்புதான். அதன் பிறகுதான் பாலத்தை வெட்டினார்கள்.

இப்போது ஜஹாங்கீரின் வலது புறங்கை தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. வயிற்று முடி அதில் முளைக்கிறது. பெருநாள் பிரியாணியில் வயிறு பெருத்தால் கூடவே கையும் பெருக்கிறது என்று சத்தியம் செய்கிறார். "வயித்துத் தோல வச்சுல்லா மாவத் தொடுதாவ" என்று அதிர்ந்துபோன சுடலையம்மாள், கொஞ்ச நாள் கம்பை அரைக்க வேறு மில்லுக்குச் சுமந்தார். அங்கே கூட்டம் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டார்.

நேற்று மத்தியானம் நான் மில்லில் இருந்தபோது பதருன்னிசா சோறு கொண்டு வந்தார். தூக்குச்சட்டியின் மூடி சரியாக மூடாமல் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. அவிழ்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடு பின்னாலேயே வந்தது. சட்டியை வாங்க ஜஹாங்கீர் வலது கையை நீட்டினார். அந்தம்மா அதைப் பிடித்து, உப்பிய புறங்கையில் கட்டைவிரலை வைத்துப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினார்.

"ஏட்டி, வலிக்கி" என்றார் ஜஹாங்கீர்.

அந்தம்மா விடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டு விரலை எடுத்து, வெள்ளையாகக் குழிந்த இடம் சிவக்கிறவரை குனிந்து பார்த்திருந்தார். பிறகுதான் சோற்றை எடுத்து வைத்தார்.