பிடிவாதம் என்று நினைத்தேன்

என் கணவருக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரக் கிளம்பியபோது, "கட்டி போயிருச்சு, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார் டாக்டர். இவரோ கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்.

"இறங்க மாட்டேங்குது" என்பார், கரகரத்த குரலில்.

"நோய்தான் போயிருச்சு லா, இன்னும் என்னங்க அடம்?" என்று கத்தி, தாடையைப் பிடித்து ஊட்டினேன். அடிக்கடி காய்ச்சல் வந்தது. சாப்பிடாததால்தான் என்று இன்னும் அதிகமாக ஊட்டினேன்.

மூன்றாவது காய்ச்சலின்போது, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அவரை எக்ஸ்ரே கருவி முன்னால் உட்காரவைத்து, வெள்ளை மருந்து ஒன்றை விழுங்கச் சொன்னார். திரையில் நானும் பார்த்தேன். பாதி மருந்து மூச்சுக்குழாயில் இறங்கியது. அவர் இருமக்கூட இல்லை.

"கதிர்வீச்சுல தொண்டை மரத்துப்போச்சுக்கா. இவ்வளவு நாளும் சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கு, அதான் காய்ச்சல்."

"இத ஏன் அப்பவே யாரும் பார்க்கல?" என்று கத்தினேன்.

மூச்சுக்குழாய்க்குள் எளிதில் நழுவாத கெட்டியான உணவை, தலையைக் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப் பழக்கினார்கள். தேறிவிட்டார். ஆஸ்பத்திரி மேல் இருந்த கோபம் மெல்ல ஆறியது. என் மேல் உள்ளது ஆறவில்லை. நான் ஊட்டியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருக்கலாம். திட்டாததற்கும் எனக்குக் கோபம்தான்.