ஏழு நாள் ஷீல்டு

பிளஸ் டூ படித்த அண்ணனுக்கு அரசாங்கம் இலவச லேப்டாப் கொடுத்தது படிப்பதற்குத்தான். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அது ஊர்களைக் கொள்ளையடிக்கவே பயன்பட்டது. நெட்டில் ஒரு போர் விளையாட்டு. ஆளுக்கு ஓர் ஊர், ஒரு களஞ்சியம், கொஞ்சம் படை. பலசாலி மற்றவன் ஊருக்குள் புகுந்து தானியத்தை அள்ளிக்கொள்ளலாம். அண்ணன் அதில் பெரிய கை. ஆறாம் வகுப்பில் இருந்த நானும் அழுது அடம்பிடித்து ஓர் ஊர் வாங்கிவிட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஏழு நாள் ஷீல்டு உண்டு. அதுவரை எவனும் கைவைக்க முடியாது. "எட்டாம் நாளு மொத்தத்தையும் வாரிக்கினு போறேன் பாரு" என்றான் அண்ணன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று நோஞ்சான் என்று காப்பாற்றுகிறார்கள், சரி. எட்டாம் நாள் காலையில் நான் என்ன பயில்வானாகவா எழுந்திருக்கப்போகிறேன்? கேட்டதற்கு, ரூல்ஸ் அப்படித்தான் என்று சொல்லிவிட்டான்.

அம்மாவின் தங்கை அப்போது எங்களோடு இருந்தாள். தாத்தா பாட்டி இல்லாததால் எங்கள் வீடுதான் சித்திக்குத் தாய்வீடு. தையில் கல்யாணமாகி வளவனூர் போனவளை, வழக்கப்படி ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். ஆவணி பிறந்ததும் சித்தப்பா வந்து கூட்டிப்போவார். வந்த அன்று அவள் கைகள் கன்றியிருந்ததைக் கேட்டேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் கன்றும்படி எப்படி விழுவது என்பதும் எனக்குப் புரியவில்லை.

காலண்டர் தாள் கிழிப்பது என் வேலை. ஆடி முடிய முடிய, "விடுடி, இருந்துட்டுப் போவட்டும்" என்று சித்தி தடுக்க ஆரம்பித்தாள்.

என் ஊருக்கு ஆறாம் நாள். சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அண்ணனிடம் கேட்டாள்.

"இந்த ஷீல்ட இன்னும் கொஞ்ச நாளு நீட்டிக்க முடியாதாடா?"

"முடியாது சித்தி. ஊரையே அழிச்சிட்டு முதல்லருந்து ஆரம்பிச்சா புதுசா தருவான். ஆனா கட்னதெல்லாம் பூடும்."

சித்தி என் பக்கம் திரும்பி, "அழிச்சிடுடி" என்றாள். "கட்னத நெனச்சிக்கினு ஒக்காந்திருந்தா, அவன் வந்து அடிக்கிறத பாத்துக்கினுதான் இருக்கணும்."

அழுதுகொண்டே அழித்தேன். எவ்வளவு ஆசையாகக் கட்டிய களஞ்சியம். சித்தியின் மேல் அப்படி ஓர் ஆத்திரம். இரண்டு நாள் அவளோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் ஆவணி பிறந்தது. சித்தப்பா பூவும் பழமுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சித்தி துணிமணி எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. அறையிலிருந்து வந்து, "நான் வர்ல" என்றாள். அவ்வளவுதான். அப்பா கத்தினார். ஊர் என்ன பேசும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் ஊரை அழிக்கச் சொன்னவளுக்கு நன்றாக வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.