ஆடத் தெரியாத கொலம்பியாக்காரி

சந்திரகுமாருக்கு வாய்தான் மூலதனம், வில்லங்கமும் அதுதான். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மணவறை வாடகைக்குக் கொடுத்து மண்டபம் சோடிக்கும் தொழில் அவருக்கு. கல்யாண வீட்டுக்காரர் கொடுக்கும் தேத்தண்ணீர் ஒரு கோப்பை உள்ளே இறங்கிவிட்டால் போதும், அதுவரை யோசித்தும் பார்க்காத விஷயமெல்லாம் வாக்குறுதியாக வெளியே வரும். வெள்ளைக் குதிரை வேண்டுமா, அதற்கும் தனக்கு ஆளிருக்கு என்பார். பிறகு வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருப்பார்.

2009 செப்டெம்பரில் ஹரோவில், தேவராசா வீட்டு முன்னறையில் நடந்ததும் இதுதான். தேவராசாவின் மகள் கம்சிகாவுக்குக் கல்யாணம். ஜூனில் நடந்திருக்க வேண்டியது. மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்த விதத்தைப் பார்த்த பிறகு லண்டனில் யாருக்கும் மேளம் வைக்க மனம் வரவில்லை. தேவராசாவும் ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார். சந்திரகுமாரும் அந்த நாட்களில் கராஜைப் பூட்டிவிட்டு நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று, யுத்தத்தை நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர்தான். அதற்குப் பிறகு அவருடைய மணவறைத் தூண்கள் கராஜுக்குள் பொலித்தீன் உறையோடு படுத்துக் கிடந்தன. தேவராசா வீட்டுக் கல்யாணம்தான் முதல் ஓடர். இது நல்லபடி நடந்தால் தள்ளிப்போட்ட மற்றவர்களும் கூப்பிடுவார்கள். பிசகினால் மணவறையை யாருக்காவது விற்றுவிட்டு, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் கேட்டுப் போக வேண்டியதுதான். இந்தப் பயம் அவரை நன்றாகப் பிடித்திருந்தது. பயம் வந்தால் மனிதருக்கு வாய் இன்னும் கூடும்.

"றிசெப்சனை எப்பிடித் தம்பி செய்வம்?" என்று தேவராசா சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அண்ணை, அதை என்னட்டை விடுங்கோ. என்னட்டை வேலை செய்யிற பியற்றிஸ் கொலம்பியாக்காரி. அவவைக் கொண்டு ஒரு சல்சா ஆட்டம் போடுவிப்பம். பொம்பிளை மாப்பிளை உள்ளுக்கு வரேக்கை முன்னாலை ஆடிக்கொண்டு வருவா. அவையளுக்கு உது ரத்தத்திலை ஊறினது. லண்டனிலை ஒருதரும் உப்பிடிச் செய்யேல்லை!"

தேவராசா மனைவி சிவமலரைப் பார்த்தார். சிவமலர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். "உமக்குச் சரியெண்டால் சரிதான் தம்பி" என்றார் தேவராசா. சந்திரகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. பியற்றிஸ் ஆடி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை என்ற சின்ன விஷயம் திரும்பி வரும் வழியில், ரயிலில் இருக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால் என்ன, கொலம்பியாக்காரிதானே என்று அதையும் தூக்கிப் போட்டுவிட்டார்.

பியற்றிஸ் நாற்பதை எட்டிப்பிடிக்கும் வயதுக்காரி. விடியப்புறம் நகரத்தில் ஒரு பெரிய அலுவலகத்தைத் துப்புரவு செய்வாள். மத்தியானம் சந்திரகுமாரின் கராஜுக்கு வந்து மணவறைத் துணிகளை அயர்ன் செய்து, கொசுவம் பிடித்து, தூண்களுக்குச் சுற்றிக் கட்டுவாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால், இருவருக்கும் பொதுவான அந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான். மணவறை பார்க்க வருகிறவர்கள் அவள் எந்த நாடு என்று கேட்பார்கள். கொலம்பியா என்றதும் தமிழில், "என்ன சந்திரன், துணிக்குள்ளை பவுடர் கிவுடர் வைச்சுக் கட்டுறாவோ?" என்று கொக்கெய்னை வைத்து ஒரு பகிடி விடுவார்கள். சந்திரகுமாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். யாவாரம் பாருங்கள், சிரிக்காமல் முடியுமா. அவளுக்கென்ன, தமிழா விளங்கப்போகிறது?

அடுத்த நாள் விஷயத்தைச் சொன்னபோது பியற்றிஸ் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்கு ஆடத் தெரியாது, சந்திரா."

"உங்கட ஆக்களுக்கு ஆடத் தெரியாமல் இருக்குமோ?"

"எனக்குத் தெரியாது. பிடிக்கவும் பிடிக்காது."

இவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். நம்முடைய பெண்களும் பாடச் சொன்னால் முதலில் மாட்டேன் என்றுதானே சொல்வார்கள், இரண்டு தரம் கேட்டால் பாடுவார்கள் என்று அவருடைய கணக்கு. ஆகவே கிழமை முடிவதற்குள் ரூட்டிங் கடைத்தெருவுக்குப் போய், விளிம்பெல்லாம் சுருக்கு வைத்த ஒரு சிவப்பு ஆட்டச் சட்டையை வாங்கி வந்து, பெரிய பரிசு கொடுக்கிற மாதிரி மேசையில் விரித்தார். மனைவி நகுலேஸ்வரி மாலை கட்டிக்கொண்டிருந்தவள், சட்டையைக் கண்டதும் கையை நிறுத்திவிட்டாள்.

பியற்றிஸ் அந்தச் சட்டையைத் தொடவில்லை. அவளுடைய முகம் கறுத்ததை நகுலேஸ்வரி கண்டாள். சந்திரகுமார் காணவில்லை.

"நான் வேலை செய்யும் கட்டடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது என் பையை மட்டும் திறந்து பார்க்கிறார்கள்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "பெயர் அட்டையில் கொலம்பியா என்று இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அதே காவலாளி கிறிஸ்மஸ் பார்ட்டியில் இடுப்பை ஆட்டிக் காட்டச் சொல்கிறான். வாடகைக்கு அறை கேட்டுப் போனால், நீங்கள் விடியும்வரை பாட்டுப் போடுகிற ஆட்கள் என்று கதவைச் சாத்துகிறார்கள். என் ஊரில் நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் இருந்தேன். என் வீட்டில் ரேடியோகூடச் சத்தமாக வைக்கமாட்டோம். இதை இந்த நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை, சந்திரா."

கராஜ் சாவியை மேசையில் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "கல்யாணத்துக்கு வேறு ஆள் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சந்திரகுமாருக்கு வந்தது கோபம். "நல்லதுக்குத்தானே சொன்னனான்! ஆடச் சொல்லுறது என்ன களவெடுத்தாய் எண்டு சொல்லுறது மாதிரியோ? உந்தப் பவுடர் கதை நானோ கதைச்சன்?" என்று கராஜுக்குள் அங்கும் இங்கும் நடந்தார். ஆளில்லாமல் மணவறை போட ஏலாது, ஆட்டமில்லாமல் தேவராசா வீட்டுக்குப் போக ஏலாது. இரண்டு பக்கமும் அடி.

நகுலேஸ்வரி மாலையை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இஞ்சாருங்கோ, டோர்ட்மண்ட் ஞாபகமிருக்கோ?"

"இப்ப என்னத்துக்கு டோர்ட்மண்ட்?"

"எங்கட முதலாவது கல்யாண நாள். சாப்பிடப் போனம்."

அவர் நடப்பதை நிறுத்தினார். லண்டனுக்கு வருமுன் அவர்கள் இருந்தது ஜேர்மனியில். அங்கே அந்தக் காலத்தில் நம்முடைய பெடியங்கள் பலர் இரவில் உணவகம் உணவகமாகப் போய் ரோசாப்பூ விற்றார்கள். சந்திரகுமார் விற்றதில்லை. அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. இருந்தும் கல்யாண நாளன்று கோட் போட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓர் உணவகத்துக்குள் கால் வைத்தபோது, பரிமாறுகிறவன் தூரத்திலிருந்தே கையை ஆட்டினான். ரோசா வேண்டாம், வெளியே போ. கையில் பூவில்லை என்பதைக்கூட அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்த மேசைகளில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் ஒன்றும் கெட்டவனாக இருந்திருக்கமாட்டான். அன்றைக்கு இருவரும் வீட்டுக்கு வந்து நூடில்ஸ் அவித்துச் சாப்பிட்டார்கள். அதைப் பற்றி அவர்கள் பிறகு கதைத்ததே இல்லை.

"நீங்கள் இண்டைக்கு அவனை மாதிரித்தான் நிண்டியள்" என்றாள் நகுலேஸ்வரி.

இருபது வருடம் குடும்பம் நடத்தியதில் அவள் சொன்ன எதுவும் அவரை இப்படிச் சுட்டதில்லை. சட்டையை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலால் பயமாக இருந்தது. இனித் தேவராசாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் மனிதர் ஓடரை வெம்ப்ளியில் மணவறை போடுகிறவனிடம் கொடுத்துவிடுவார். தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. அடுத்த நாளே ரயில் ஏறினார். 

கதவைத் திறந்த தேவராசாவின் முகமும் அவ்வளவு நன்றாக இல்லை. சந்திரகுமார் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. அந்த ஆட்டம் நடக்காது. அவவுக்கு ஆடத் தெரியாது. நான் கேளாமல் கொள்ளாமல் வாய் விட்டிட்டன். பிழை என்னில்தான். நீங்கள் வேறை ஆளைப் பாக்கிறதெண்டாலும் எனக்குக் கவலையில்லை." கடைசி வசனம் பச்சைப் பொய்.

 தேவராசா மெதுவாகச் சோபாவில் அமர்ந்து, "உண்மையாவே நடக்காதோ?" என்று கேட்டார்.

"நடக்காது அண்ணை."

"சிவமலர்! இஞ்சை ஓடிவாரும்! ஆட்டம் இல்லையாம்!"

சமையலறையிலிருந்து வந்த சிவமலர், நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா, பிள்ளையாரே!" என்றாள். சந்திரகுமார் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, என்ர தங்கச்சி குடும்பம் இன்னும் வவுனியாவிலை முகாமுக்குள்ளை" என்றார் தேவராசா. "பிள்ளையின்ர கல்யாணத்தைச் செய்யத்தான் வேணும். ஆனால் நான் எப்பிடி இந்த வருசம் முன்னாலை ஆள் ஆடிக்கொண்டு வர மண்டபத்துக்குள்ளை போவன்? எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. நீர் அவ்வளவு ஆசையாச் சொன்னீர், இந்த வருசம் உமக்கும் தொழில் இல்லை. முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு."

மாடியிலிருந்து இறங்கி வந்த கம்சிகா, "அப்பா, நான் அண்டைக்கே கோல் பண்ணிச் சொல்லச் சொன்னனான்" என்றாள்.

முகத்தாட்சணியம் என்ற ஒன்றை நம்முடைய ஆட்கள் கப்பலேற்றி, விமானமேற்றி, லண்டன்வரை பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்காக மூன்று வீட்டில் நித்திரை கெட்டிருக்கிறது. சந்திரகுமார் சோபாவில் விழுந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. ஓடர் அவருக்குத்தான், வெறும் நாதஸ்வரத்தோடு. சிவமலர் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேரே வால்தம்ஸ்டோவுக்குப் போனார். பியற்றிஸ் அங்கே ஒரு அறையில் இருந்தாள். வாசலிலேயே நின்று, தான் செய்தது பிழை என்றும், ஆட்டம் இல்லை என்றும், விருப்பமிருந்தால் வரலாம் என்றும் சொன்னார். சாவியை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"என்ன சொன்னீர்கள் அவர்களிடம்?"

"நான் உங்களைக் கேளாமல் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னன்."

அதற்குப் பிறகுதான் சாவியை வாங்கினாள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. துணிக் கொசுவத்தைப் பார்த்தவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் அங்கேயே தங்கள் திகதியைச் சொல்லிவைத்தார்கள். மாலை றிசெப்சனில் பியற்றிஸ் ஒரு மேசையில் நகுலேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். வாமதேவன் என்று மாப்பிள்ளை பக்கத்து மாமா ஒருவர் சந்திரகுமாரின் தோளில் தட்டினார்.

"உவவோ கொலம்பியா? கவனம் ஐசே, வடைக்குள்ளை பவுடரைக் கலந்து போடுவா!"

மாமா தானே சிரித்தார். சந்திரகுமார் சிரிக்கவில்லை. "அண்ணை, அவ என்னோடை வேலை செய்யிறவ. பேர் பியற்றிஸ். உந்தக் கதை வேண்டாம்."

"சும்மா பகிடிக்குத்தானே."

"எனக்குச் சிரிப்பு வரேல்லை அண்ணை."

மாமா பாயாசம் பார்க்கப் போய்விட்டார். சந்திரகுமார் கதிரையை இழுத்து பியற்றிஸின் மேசையடியில் அமர்ந்தார்.  யாவாரத்தில் ஒருவரையும் பகைத்துப் பழக்கமில்லை.

பியற்றிஸ் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள். "பவுடர் என்ற சொல் எனக்கு விளங்கும், சந்திரா."

"முதலும் விளங்கினதோ?"

"எப்போதும் விளங்கியது."

 கராஜில் அவர் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. மன்னியுங்கோ என்று வாயெடுத்தார். அவர் சொல்லி முடிக்குமுன் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எப்போது ஆடப்போகிறீர்கள்?"

"நானோ? எனக்கு உதெல்லாம் வராது."

"பொய் சொல்லாதீர்கள். உங்கள் படங்களில் எல்லோரும் மரத்தைச் சுற்றி ஆடுகிறீர்கள். உங்களிடம் வேலைக்கு வந்த முதல் மாதம் முழுக்க, இந்த மனிதர் எந்த நேரம் பாடத் தொடங்குவாரோ என்று பயந்துகொண்டே அயர்ன் பண்ணினேன்."

நகுலேஸ்வரிக்குப் புரையேறிவிட்டது. வண்டி வயிறும் வழுக்கையுமாகத் தன் மனிதர் மரத்தைச் சுற்றுவதை அவள் மனதில் கண்டிருக்க வேண்டும். சந்திரகுமார் முதலில் விழித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை, கண்ணால் தண்ணீர் வந்தது. பியற்றிஸும் சிரித்தாள். அந்த வருடத்தில் அவர் வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான்.