தான்சானியாத் துணியில் ஒரு மடக்குத் திரை

என் கணவர் தான்சானியாவில் போர்வெல் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தார். போன வருடம் லீவில் உத்திரமேரூருக்கு வந்தபோது பெட்டியில் மூன்று துணிகள் இருந்தன. அங்கே கிடெங்கே என்பார்களாம். கெட்டிப் பருத்தி, மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய வட்டங்கள். இரண்டு புதுசு. மூன்றாவது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. இரண்டு மூலைகளில் முடிச்சுப் போட்டுப் போட்டு விழுந்த சுருக்கம்.

நான் தையல்காரி. கடையிலிருந்து வந்த துணி எது, ஒருத்தி கட்டியது எது என்று தெரியாதா?

"இது யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

"பழைய துணி சந்தையில வாங்கினேன். சீப்பா கெடைச்சுது."

பழைய துணியை விமானத்தில் சுமந்து வருகிற ஆள் அவர் இல்லை. மேலே கேட்கவில்லை.

எங்கள் முன்னறையில்தான் தையல் மிஷின். ஜாக்கெட் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு மறைவு கிடையாது. அந்தத் துணிகளில் ஒரு மடக்குத் திரை செய்கிறேன் என்றேன். சாலவாக்கத்துத் தச்சர் வேப்ப மரத்தில் மூன்று சட்டம் அடித்து, கீல் வைத்துக் கொடுத்தார். துணியை விறைப்பாக இழுத்து, பின்பக்கம் மடித்து ஆணி அடித்தேன். பழைய துணியை வேண்டுமென்றே நடுவில் வைத்தேன். அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான்.

"அத வாணாமே. பழசு, கிழிஞ்சிடும்."

"கிழியாது. உள்ள லைனிங் குடுத்துக்கீறேன்."

அன்றிலிருந்து அவர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்கார்ந்தார். ஒருநாள் மத்தியானம், போனில் அந்த ஊர்ப் பாஷையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் போனார். நான் தட்டை நகர்த்தி வைத்தேன். அந்தத் துணியில் ஒருத்தி குழந்தையை முதுகில் கட்டியிருப்பாள் என்று தோன்றியது. குழந்தை யார் சாயல் என்பதுவரை மனசு போய்விட்டது.

பின்னாலேயே போனேன்.

"வீடியோல போடுங்க. நானும் பாக்கறேன்."

தயங்கித் தயங்கிப் போட்டார். என் மாமியார் வயதில், தலை நரைத்த ஒரு அம்மா. இவர் தங்கியிருந்த கேம்ப்பில் சமைப்பவராம். நான் போனை வாங்கிவந்து திரையைக் காட்டினேன். நடுத்துணியைக் கண்டதும் அந்த அம்மா பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இவரைத் திட்டுவது போலவும் இருந்தது, அழுவது போலவும் இருந்தது.

"இன்னா சொல்றாங்க?"

"நல்லா கீதாம்."

"அத சொல்லவா இவ்ளோ நேரம்?"

அவர் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார். மலேரியா, ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நினைவில்லாமல் கிடந்தபோது, அந்த அம்மா பேரனைச் சுமந்துகொண்டிருந்த துணியை அவிழ்த்து இவர்மேல் போர்த்தினாராம். வரும்போது அதையே கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"மறுபடி வராத, ஒடம்பு தாங்காதுன்னு சொல்றாங்க. காய்ச்சலப் பத்தி சொன்னா நீ திரும்பப் போக வுடமாட்டேன்னுதான் நான் சொல்லல."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்துப் பிழைத்ததையே மறைத்தவர் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பார்?

மறுநாள் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அறைக்குள் கூடவே நுழைந்து, என்னிடமே நேராகச் சொல்லச் சொன்னேன். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தான்சானியாவுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்றார். இவர் போகவில்லை.

இப்போது பெருநகர் பக்கம் ஓடுகிற போர்வெல் வண்டியில் வேலை. சாயங்காலம் வந்து, "ஒண்ணுமில்ல, அசதி" என்று படுத்தால், நான் பேச்சை நம்புவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.