விழ மறுத்த வில்லி

புள்ளிக்காரி என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். பழைய வீடியோ கேம் பொம்மைகள் கட்டம் கட்டமாக நடக்குமே, அதுபோல வரைந்து அசைய வைப்பது அவள் தொழில். அவள் கணினியில் இருப்பதோ புத்தம் புது ஓவிய மென்பொருள். கோட்டை மழமழவென்று இழைக்க ஆயிரம் வசதி. அத்தனையையும் அணைத்துவிட்டுப் புள்ளி புள்ளியாக வைப்பாள், பங்களாவை வாங்கி மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பது போல.

வேலை செய்யும் அறை நாத்தனார் வீட்டு மாடியில். வாடகை கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. அந்த அம்மாள் முழங்கையை விரித்து, குதிகாலை ஊன்றி நடந்து வந்தால் எதிர்வீட்டுக் கடிகாரம் பயந்துபோய் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். சத்தியமாக.

ஒரு கேம் கம்பெனிக்கு வில்லி தேவைப்பட்டாள். மொத்த உயரமே முப்பது புள்ளி. முகத்தில் கண்ணுக்கு இரண்டு, வாய்க்கு ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது என்று புள்ளிக்காரி நாத்தனார் நடையை அப்படியே இறக்கிவிட்டாள். கம்பெனிக்காரர் துள்ளிக் குதித்தார்.

“பிரமாதம்மா! அடிபட்டு விழற மாதிரி மட்டும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. அது சரியா வந்தா அடுத்த கேமும் உங்களுக்குத்தான்.”

வரைந்ததை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நாத்தனார்.

“ஏய், இது நான்தானே?”

“ஐயோ, இல்ல அண்ணி. சும்மா ஒரு பொம்மை.”

“என் நடை எனக்குத் தெரியாதா? நல்லாத்தான் இருக்கேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வில்லி கம்பீரமாக நடந்தாள். அடி விழுந்தது. மல்லாக்கச் சாய்ந்தாள், கால் இரண்டும் மேலே.

“ஊரு பூரா பார்க்க நான் காலைத் தூக்கிட்டுக் கிடக்கணுமா? இது வெளிய போச்சுன்னா நீயும் அறையைக் காலி பண்ணிடு.”

“அனுப்பலைன்னா வேலை போயிடும் அண்ணி. வில்லி தோத்தாத்தானே கேம் முடியும்?”

“முடியாமப் போகட்டுமே. எனக்கென்ன அவசரம்?”

புதிதாக வரைய நேரமில்லை. புள்ளிக்காரி விழுகிற படங்களைப் பிரதியெடுத்தாள். வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, பின்னாலேயே ஒட்டினாள். இப்போது வில்லி விழுந்தாள். விழுந்த சுருக்கில், வந்த வழியே நிமிர்ந்து எழுந்து நின்றாள்.

“ம்” என்றார் நாத்தனார். “சறுக்கினா யாருக்கும் சறுக்கும். எழுந்தேன் பாரு, அதுதான் நான்.”

அனுப்பிய கையோடு கம்பெனிக்காரர் போனில் வந்தார். “என்னம்மா, அடிக்க அடிக்க எழுந்துக்கிறா? அப்புறம் ஹீரோ என்னதான் பண்றது?”

“ஓடட்டும் சார். இவங்ககிட்ட மாட்டாம வீடு போய்ச் சேர்ந்தாலே ஜெயிச்ச மாதிரிதான்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “ஹீரோ ஓடற படம் இருக்கா? இப்பவே வேணும்.”

முன்பே விளையாட்டாக வரைந்து வைத்தது இருந்தது. தோளைக் குறுக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நழுவும் ஓட்டம். நாத்தனார் திரைக்குள்ளேயே புகுந்துவிடுவது போல உற்றுப் பார்த்தார்.

“இதை எங்கயோ பார்த்திருக்கேனே...”

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த புள்ளிக்காரியின் கணவர், அக்காவின் குரல் கேட்டதும் ஓசைப்படாமல் குனிந்து செருப்பைக் கழற்றினார்.